கொல்லிமலை மாவில் நாய்க்கு ஒரு பிஸ்கட்

கொல்லிமலைக்குப் போய்விட்டுக் காரவள்ளிப் பாதையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை இறங்குகிறவர்களின் வண்டியில் மிளகும் தேனும் மலைவாழையும் கட்டாயம் இருக்கும். சிறுதானியத்தில் ஆர்வம் உள்ளவர்கள் சாமை, தினை, கேழ்வரகு என்று இரண்டு மூன்று கிலோ கூடுதலாகக் கட்டிக்கொள்வார்கள். அந்த மாவில் வீட்டு நாய்க்கும் பிஸ்கட் சுட்டுப் போடும் பழக்கம் இப்போது பரவிவருகிறது. நல்ல பழக்கம்தான். ஆனால் வீட்டில் செய்தது, மலையில் விளைந்தது, மருந்தடிக்காதது என்றால் நாய்க்கு ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கையும் அதோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. நாம் தின்று சுகமாகச் செரிக்கும் சில பொருள்கள் நாயின் ரத்தத்தையும் சிறுநீரகத்தையும் நேராகத் தாக்கும். அவற்றில் பாதி நம் அடுப்படியிலேயே இருக்கின்றன.

முதலில், தேவையில்லாத ஒரு பயத்தை ஒதுக்கிவிடலாம். ‘நாய் கறி தின்னி, தானியம் அதற்கு ஆகாது’ என்று சொல்கிறவர்கள் நாயை இன்னும் ஓநாயாகவே நினைக்கிறார்கள். 2013-ல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாயின் மரபணுவையும் ஓநாயின் மரபணுவையும் ஒப்பிட்டு ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் நொதியை உண்டாக்கும் மரபணு ஓநாயிடம் இரண்டு படிகள்தான்; நாயிடம் 4 முதல் 30 வரை. மனிதன் பயிர் செய்த இடத்தில் மனிதனோடு வாழ்ந்ததால் வந்த மாற்றம் இது. வேளாண்மையோடு ஒட்டாமல் வாழ்ந்த ஆஸ்திரேலியாவின் டிங்கோவுக்கு இன்றும் இரண்டுதான். காட்டுக்குக் காவல் இருக்கும் நாய்க்குக் களியும் கூழும் ஊற்றி வளர்த்த நம் முன்னோர் தவறு செய்யவில்லை. ஒரே ஒரு நிபந்தனை: தானியம் நன்றாக வெந்திருக்க வேண்டும். பச்சை மாவு நாயின் குடலில் செரிக்காமல் வயிற்றுப்போக்கில்தான் முடியும்.

தானியமே இல்லாத உணவுதான் உயர்ந்தது என்ற விளம்பரத்துக்கும் ஒரு பதில் உண்டு. தானியத்துக்குப் பதிலாகப் பட்டாணியும் பயறும் நிறையச் சேர்த்த நாய் உணவுகளுக்கும் ஒருவகை இதயத் தசை நோய்க்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018 ஜூலையில் எச்சரித்தது. அந்தத் தொடர்பு இன்னும் உறுதிப்படவில்லை. ஆனால் தானியத்தை ஒதுக்குவதால் நாய்க்கு நன்மை என்பதற்கும் ஆதாரம் இல்லை.

கேழ்வரகைப் பற்றிய நம்பிக்கை வேறு மாதிரி. 100 கிராமில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் இருப்பதால் குட்டிகளுக்கு எலும்பு பலப்படும் என்று வேளாவேளைக்கு ராகி ஊட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். குட்டிக்கு வேண்டியது கால்சியம் மட்டுமல்ல. பாஸ்பரஸ், புரதம், கொழுப்பு எல்லாமே அளவோடு வேண்டும். கேழ்வரகில் உள்ள ஃபைட்டேட் கால்சியத்தின் ஒரு பகுதியைக் கட்டிப்போட்டும் விடும். போதாக்குறைக்குக் கால்சிய மாத்திரையும் சேர்த்தால், ராஜபாளையம் மாதிரி வேகமாக உயரும் இனங்களின் குட்டிகளுக்கு எலும்பு கோணிக்கொள்ளவும் வாய்ப்புண்டு. ராகி பிஸ்கட் தின்பண்டம். அது சாப்பாட்டின் இடத்தைப் பிடிக்கக் கூடாது.

கொல்லிமலையில் சிறுதானியம் விளைந்த மேட்டாங்காடுகள் பலவற்றில் இன்று நிற்பது மரவள்ளி. சேலம், ராசிபுரம், ஆத்தூர் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் கிழங்குக்குக் கையில் பணம் தந்தன; சாமையும் தினையும் பின்வாங்கின. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் இருந்து இங்கே மலையாளிப் பழங்குடி மக்களோடு சேர்ந்து சிறுதானிய விதைகளைக் காக்கப் பாடுபட்டு வருவதற்குப் பின்னணி இதுதான். நாய் பிஸ்கட் சுடுகிறவர் இந்தக் கதையைத் தெரிந்துகொள்ள ஒரு காரணம் உண்டு. மலையில் மலிவாகக் கிடைப்பது கிழங்கு. ‘கிழங்குதானே, துருவிப் போட்டுப் பிசைந்தால் என்ன?’ என்று தோன்றும்.

பச்சை மரவள்ளியில் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. கிழங்கை வெட்டினாலோ கடித்தாலோ அது உடைந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும். சதையைவிடத் தோலில் அது மிக அதிகம், இலையிலும் உண்டு. கிழங்குத் தோலைத் தின்ற ஆடுமாடு நுரை தள்ளி விழும் என்பது கிழங்கு போடுகிற குடியானவர்களுக்குப் புதிய செய்தி அல்ல. நாய்க்கும் அதே கதிதான். மரவள்ளிக் கிழங்கை நாய்க்குத் தர விரும்பினால், மேலே உள்ள பழுப்புத் தோலை மட்டும் உரித்தால் போதாது. அதற்கு அடியில் தடிப்பாக இருக்கும் வெள்ளைப் பட்டையையும் கத்தியால் கீறி முழுசாகக் கழற்ற வேண்டும். சிறுசிறு துண்டாக்கி, ஊற வைத்து, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கசக்கும் கிழங்கை எப்படி வேகவைத்தும் போடக் கூடாது. அதே கிழங்கிலிருந்து வரும் ஜவ்வரிசியில் விஷம் என்று பயப்பட ஒன்றும் இல்லை. மாவுச்சத்தைத் தவிர வேறு சத்தும் இல்லை.

இந்தப் பட்டியலில் மிக மோசமான நம்பிக்கை, பலர் வாய்விட்டுச் சொல்லாமலே கடைப்பிடிப்பது: பூசணம் பிடித்த மாவு, காறல் அடிக்கும் கடலை, வண்டு விழுந்த சோளம் எல்லாம் ‘நாய்க்கு ஆகும்’. ஆகாது. நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் வளரும் பூஞ்சணம் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. அதற்கு மிக எளிதில் பலியாகும் விலங்குகளில் நாயும் ஒன்று. 1974 கடைசியில் குஜராத்தின் பஞ்சமகாலிலும் ராஜஸ்தானின் பன்ஸ்வாராவிலும், மழையில் நனைந்து பூத்த மக்காச்சோளத்தைத் தின்ற ஏழை மக்கள் மஞ்சள் காமாலையும் வயிறு வீக்கமுமாக விழுந்தார்கள். 397 பேர் பாதிக்கப்பட்டதாகவும் 106 பேர் இறந்ததாகவும் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அந்த வீடுகளில் அதே சோற்றைப் பங்கிட்டுத் தின்ற நாய்களுக்கும் அதே காமாலை, அதே வீக்கம், அவையும் செத்தன. வீட்டார் தின்ற தானியம் நாயை எப்படிக் கொல்லும் என்பதற்கு இதைவிட வேதனையான சான்று இந்தியாவில் இல்லை.

இந்த நஞ்சு அடுப்புச் சூட்டில் முழுதாக அழியாது. பிஸ்கட்டாகச் சுட்டாலும் போகாது, மொறுமொறுவென்று வறுத்தாலும் போகாது. கொல்லிமலை மாதிரி ஈரக்காற்று உள்ள ஊரில் திறந்த மாவுப் பை ஒரு மழைக்காலம் தாங்குவதே கடினம். வாசம் மாறிய மாவைக் குப்பையில் கொட்டுவது பணத்துக்கு நஷ்டம்தான். நாயின் ஈரலோடு ஒப்பிட்டால் அது ஒரு நஷ்டமே இல்லை.

திராட்சை நாய்க்கு ஆகாது என்பது ஓரளவு தெரிந்த செய்தி. ஏன் என்பது நெடுநாள் புரியாமல் இருந்தது. வீட்டில் பிசைந்த விளையாட்டு மாவை ஒரு நாய் தின்றுவிட, திராட்சை தின்றது போலவே அதன் சிறுநீரகம் பழுதானதை அமெரிக்காவின் விலங்கு நச்சுத் தகவல் மையத்து மருத்துவர்கள் கவனித்தார்கள். அந்த மாவில் கலந்திருந்தது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் 2022-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் நமக்கு மிகவும் வேண்டப்பட்ட ஒரு பொருளும் இருந்தது: புளி. புளி தின்ற நாய்களுக்கும் அதே சிறுநீரகப் பாதிப்பு. புளியின் புளிப்பே பெரும்பாலும் டார்டாரிக் அமிலம்தான். ‘கொஞ்சம் குழம்பு ஊற்றிப் பிசைந்தால் ருசியாகத் தின்னும்’ என்கிற வீடுகள் இதை ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும். கேசரியிலும் பாயசத்திலும் கிடக்கும் உலர்திராட்சைக்கும் இதே தடைதான்.

பூண்டு கொடுத்தால் உண்ணி அண்டாது, குடற்புழு விழும் என்பது இன்னொரு நம்பிக்கை. பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வதக்கினாலும் பொடித்தாலும் அந்தக் குணம் போகாது. உடல் எடையில் அரை சதவீத அளவு வெங்காயம் ஒரே நேரத்தில் உள்ளே போனாலே விஷமாகும். பத்துக் கிலோ நாய்க்கு அது வெறும் 50 கிராம், ஒரு சின்னக் கைப்பிடி. உண்ணிக்கும் புழுவுக்கும் கால்நடை மருத்துவரிடம் மருந்து இருக்கிறது.

இனிப்புக்கு வருவோம். வெல்லமும் மலைத்தேனும் இயற்கை என்பதால் நாயின் பல்லும் எடையும் தப்பிவிடாது. சர்க்கரை செய்வதையே அவையும் செய்யும். சர்க்கரை வேண்டாமென்று ‘சுகர் ஃப்ரீ’ பக்கம் போகிறவர்கள் இன்னும் பெரிய குழியில் விழலாம். சைலிட்டால் என்ற இனிப்பூட்டி நாயின் ரத்தச் சர்க்கரையை அரை மணி நேரத்துக்குள்ளேயே சரியவைத்து வலிப்பில் தள்ளும். சில கடலை வெண்ணெய்ப் புட்டிகளில் அது இருக்கும். பிஸ்கட்டில் கலக்குமுன் பின்பக்கத்து அச்சைப் படித்தே ஆக வேண்டும். சாக்லேட், கோகோ, மலையில் விளையும் காப்பிக்கொட்டை மூன்றும் நாய்க்கு விலக்கு.

அளவு பற்றிய நம்பிக்கை மட்டும் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: வீட்டில் சுட்டது, எத்தனை போட்டால் என்ன? உலகச் சிறு விலங்கு மருத்துவர்கள் சங்கம் தின்பண்டத்துக்கு வைத்திருக்கும் எல்லை, ஒரு நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கு. சாதாரணமாக ஓடியாடும் பத்துக் கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு 600 கலோரிக்குச் சற்று மேல் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், தின்பண்டத்தின் பங்கு 60 சொச்சம். ஒரு முட்டையே அதைத் தாண்டிவிடும். கேழ்வரகு மாவென்றால் 20 கிராமுக்கும் குறைவு.

இத்தனையும் கழிந்த பிறகு மிஞ்சுவது எளிய, நல்ல பண்டம். ஒரு கப் கேழ்வரகு மாவு, அரைக் கப் சாமை மாவு, ஒரு நாமக்கல் முட்டை, வெந்து மசித்த மஞ்சள் பூசணி அரைக் கப். உப்பு, வெல்லம், சோடா எதுவும் வேண்டாம். பச்சை முட்டைதான் சத்து என்ற பேச்சையும் இங்கே மறந்துவிடலாம். பச்சை வெள்ளைக்கரு பயோட்டின் என்ற உயிர்ச்சத்தைக் கட்டிப்போடும், வெந்தால் அந்தக் குறை தீரும். கோதுமையின் பசைத்தன்மை சிறுதானியத்துக்குக் கிடையாது. உருட்டும்போது ஓரமெல்லாம் வெடிக்கும். மாவைத் தூவாமல் கையை ஈரமாக்கித் தட்டினால் படியும். கால் அங்குலக் கனத்தில் தட்டி, பாட்டில் மூடியால் வட்டம் போட்டு, முள்கரண்டியால் குத்தி, 150 டிகிரியில் 40 நிமிடம். ஓவன் இல்லாத வீட்டில் அடிகனமான பாத்திரத்தில் மணல் பரப்பி, மேலே தட்டு வைத்து மூடிச் சிறு தீயில் சுடலாம். அணைத்த பின்னும் உள்ளேயே விட்டுக் காயவைக்க வேண்டும். ஒடித்தால் ‘டக்’கென்று ஒடிய வேண்டும்; வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, பூசணம் வரும். ஈரமானவை என்றால் குளிர்பெட்டியில் இரண்டு மூன்று நாளோடு சரி.

நாய் எதையாவது தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் ஊற்றுவது, புளி கரைத்து ஊற்றுவது, பால் கொடுப்பது என்று ஊருக்கு ஊர் ஒரு கைவைத்தியம் இருக்கிறது. உப்புக் கரைசல் ரத்தத்தில் சோடியத்தை ஏற்றி அதுவே உயிருக்கு உலை வைக்கும். புளியின் கதை மேலே சொன்னது. பாலுக்கு இந்த விஷங்களை முறிக்கும் சக்தி இல்லை. தின்ற பொருளின் பாக்கெட்டையோ மிச்சத்தையோ எடுத்துக்கொண்டு, தின்ற நேரத்தைக் குறித்துக்கொண்டு, வழியிலேயே கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் பிடிக்க வேண்டும். மலையடிவாரத்துக்கு அப்பால் நாமக்கல்லில் 1985-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால் செம்மேட்டிலிருந்து அந்த 70 வளைவுகளை இறங்கி அங்கே போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும். பச்சைக் கிழங்கோ சைலிட்டாலோ அத்தனை நேரம் பொறுக்காது. நாய் தள்ளாடத் தொடங்கும்வரை காத்திருக்காமல், தின்றது தெரிந்த உடனேயே புறப்பட்டுவிட வேண்டும்.