கனவும் நற்காட்சியும்

வாழ்க்கையில் கனவு வேண்டும், குறிக்கோள் வேண்டும் என்னும் அறிவுரை இன்று பள்ளிதோறும் ஒலிக்கின்றது. இராமேசுவரத்தில் பிறந்து குடியரசுத் தலைவராய் விளங்கிய டாக்டர் அப்துல் கலாம் அவர்கள் இவ்வறிவுரையை நாடெங்கும் மாணவரிடையே பரப்பினார். எனினும், அருகனறம் பேணும் இல்லங்களில் இது ஓர் ஐயத்தை எழுப்புதல் இயல்பே. ஆசையை அடக்குக, பற்றினைக் குறைக்க என்று அன்றாடம் கேட்டு வளரும் நம் பிள்ளைகளிடம், பெரிதாகக் கனவு காண்க என்று நாம் கூறலாமா? ஒன்று மற்றொன்றோடு முரணாதோ? இவ்வையத்தை ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

நிதானம் என்னும் முள்

உள்ளத்தில் தைத்து நின்று வருத்தும் முட்கள் மூன்று என்று நம் ஆகமங்கள் கூறும். அவை மாயை, மித்தியாத்துவம், நிதானம் என்பன. இம்மூன்று சல்லியங்களும் நீங்கினாலன்றி ஒருவர் விரதியாகார் என்பதை உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் தெளிவுபடுத்தியுள்ளார். இங்கு நிதானம் என்றது, நாம் வழக்கில் கூறும் பொறுமையையன்று. ‘இன்ன நோன்பு நோற்றேன், அதற்கு ஈடாக இன்ன போகம் எனக்குக் கிட்டுக’ என்று பயனை விலைபேசும் வேட்கையே நிதானம். அது ஆர்த்தத் தியானத்தின் வகையாகவும் எண்ணப்படுகின்றது.

ஆகவே, நம் அறம் விலக்குவது பயன்மீது வைக்கும் வேட்கையை, உயர்ந்த நோக்கத்தையன்று. நோக்கமே கூடாதெனின், வீடுபேற்றினை நோக்கிய தவமும் கூடாதென்றாகிவிடும். நிதானத்திற்கு நேர் எதிரான மற்றொன்றையும் நம் அறம் கற்பித்துள்ளது. அதன் பெயர் பாவனை. உயர்ந்ததொன்றை இடைவிடாது நினைந்து, அதற்கேற்ப நாள்தோறும் ஒழுகுதலே பாவனையாம்.

பதினாறு கனவுகளும் பதினாறு பாவனைகளும்

தீர்த்தங்கரர் கருவில் எழுந்தருளுமுன் அவர்தம் அன்னையார் பதினாறு கனவுகள் கண்ட செய்தியை ஸ்ரீபுராணத்தின் வாயிலாக நாம் அறிவோம். யானை, எருது, அரிமா, திருமகள், இணை மாலைகள், திங்கள், ஞாயிறு எனத் தொடங்கும் அவ்வரிசை, புகையற்ற தீயுடன் நிறைவுறும். கண்ட கனவை எண்ணி மகிழ்ந்ததோடு அன்னை மருதேவி அமைந்துவிடவில்லை; நாபி மன்னரை அணுகி அதன் பொருளைக் கேட்டறிந்தார். அன்னை பிரியகாரிணியும் சித்தார்த்த மன்னரிடம் அவ்வாறே வினவினார். கனவுக்குப் பொருள் காண வேண்டும் என்பது இதனால் பெறப்படும் முதற்பாடம்.

இரண்டாம் பாடம் இன்னும் நுண்ணியது. அப்பதினாறு கனவுகள் தோன்றுதற்கு முன்னரே, தீர்த்தங்கரராகவுள்ள அவ்வுயிர் முற்பிறப்பில் பதினாறு காரண பாவனைகளைப் பயின்றிருந்தது. கனவுகள் விளைவைக் காட்டும் அறிகுறிகள், பாவனைகளே வித்து. அப்பாவனைகளுள் தலையாயது தரிசன விசுத்தி, அஃதாவது நற்காட்சியின் தூய்மை. இடையறாத ஞானப் பயிற்சியும், ஆற்றலுக்கேற்ற ஈகையும், ஆற்றலுக்கேற்ற தவமும் அவ்வரிசையில் உள்ளன. ‘ஆற்றலுக்கேற்ற’ என்னும் அடைமொழியை நாம் மறத்தலாகாது. நற்காட்சியும் நல்ஞானமும் நல்லொழுக்கமும் கூடிய வழியே வீட்டுநெறி. உலகியற் கனவும் இம்மும்மணியைத் துணைக்கொண்டாலன்றித் தீங்கின்றி நிறைவேறாது. இவ்வுண்மையை ஒரு மலைநாட்டின் வரலாறு கொண்டு காண்போம்.

குரங்கணி மலையடியில்

தேனி மாவட்டம் நமக்குப் புதிய நிலமன்று. அங்குள்ள உத்தமபாளையத்துப் பாறையில் கி.பி. 9, 10-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த தீர்த்தங்கரர் திருவுருவங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. அச்சணந்தி அடிகளின் பெயரும் அங்குப் பொறிக்கப்பட்டுள்ளது. அதே மாவட்டத்தில், ஏலக்காய் வாணிகத்தால் பெயர்பெற்ற போடிநாயக்கனூருக்கு மேற்கே, மலையடிவாரச் சிற்றூராய் அமைந்துள்ளது குரங்கணி. அம்மலைகளில் பிறக்கும் கொட்டகுடி ஆறு போடியின் வழியே ஓடி வைகையோடு கலக்கின்றது.

குரங்கணிக்கு மேலே, மலைமுகட்டில் உள்ள இடம் டாப் ஸ்டேஷன் எனப்படும். மூணாற்றுத் தோட்டங்களில் விளைந்த தேயிலையைச் சமவெளிக்கு இறக்குவது எவ்வாறு என்பது அக்காலத்தில் பெருஞ்சிக்கலாயிருந்தது. 1902-இல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைத்து மாடுகளைக் கொண்டு வண்டிகளை இழுக்கச் செய்தனர். 1908-இல் அதனை மாற்றிச் சிறு இருப்புப்பாதை அமைத்தனர். முகட்டிலிருந்து ரோப்வே என்னும் கம்பிவடப் பாதை வழியாகத் தேயிலைப் பெட்டிகள் சுமார் 5 கிலோமீட்டர் கீழே, குரங்கணிக்கருகில் உள்ள கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து மாட்டுவண்டிகள் அவற்றைப் போடிக்குக் கொண்டு சென்றன. மலையை வெல்வோம் என்று முழங்கியதனால் இது கைகூடவில்லை. மலையின் சரிவையும் சுமையின் எடையையும் உள்ளவாறு கண்டதனாலேயே கைகூடியது. பொருளை உள்ளவாறு காண்பதன்றோ காட்சி?

ஆயினும் 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அம்மலை இருப்புப்பாதையை அழித்தது. அது மீண்டும் அமைக்கப்படவில்லை. கம்பிவடப் பாதையும் பிற்காலத்தில் மறைந்தது. டாப் ஸ்டேஷன் என்னும் பெயர் மட்டும் எஞ்சியுள்ளது. நிறைவேறிய கனவும் நிலையாது என்னும் அநித்திய பாவனையை இதைவிடத் தெளிவாக யார் உரைக்க வல்லார்?

தலைமுறைகள் கண்ட கனவு

இதே மலைத்தொடரின் தெற்கே மற்றொரு கனவு நிறைவேறியது. மேற்கே ஓடிக் கடலில் கலக்கும் பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பி வைகையில் சேர்க்கலாம் என்னும் எண்ணம், 1789-இல் இராமநாதபுரம் சமத்தானத்தின் பிரதானி முத்திருளப்பப் பிள்ளை காலத்திலேயே ஆராயப்பெற்றது. செலவு மிகுதியென்று கண்டு அவர் அதனைக் கைவிட்டார். ஆற்றலை அளந்தறிந்து நிறுத்தியதும் அறிவின்பாற்பட்டதே. 1850-இல் தொடங்கிய சிறு முயற்சியும் நோயின் கொடுமையால் நின்றது. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தில் பல இலட்சம் உயிர்களைக் கொள்ளைகொண்டது. நீரின் தேவை அதனால் எல்லார்க்கும் விளங்கிற்று. 1882-இல் ஜான் பென்னிகுயிக் அவர்களிடம் திட்டம் ஒப்படைக்கப்பட்டு, 1887-இல் பணி தொடங்கியது. வெள்ளம் கட்டுமானத்தை அடித்துச் சென்றது. காய்ச்சலால் தொழிலாளர் பலர் மாண்டனர். இத்துணை இடர்களையும் கடந்து, 1895 அக்டோபரில் அணை திறக்கப்பெற்றது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே நீர் கிழக்கே பாய்ந்தது.

1789 முதல் 1895 வரை 106 ஆண்டுகள்! முதலில் கருதியவர் பயனைக் கண்ணாற் காணவில்லை. உழைத்து மாண்டவர் அந்நீரில் ஒரு துளியும் பெறவில்லை. பயன் பிறர்க்காக என்னும்போது கனவில் நிதானம் என்னும் முள் இருப்பதில்லை. அதே வேளையில், அவ்வுயிர்களின் இழப்பையும் கணக்கில் வைத்தே அவ்வெற்றியை நாம் எண்ண வேண்டும். அகிம்சையை உயிர்நாடியாகக் கொண்ட நமக்கு அக்கடமை உண்டு.

மலையில் மூண்ட தீ

குரங்கணியின் பெயர் நாடெங்கும் துயரத்தோடு பேசப்பட்ட நாளும் உண்டு. 2018 மார்ச் 11-ஆம் நாள், கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவருள் இளம்பெண்கள் பலர். மலையைக் காண விழைந்த அவர்தம் விருப்பத்தில் பிழை ஏதுமில்லை. கோடைத் தொடக்கத்தில் புல் உலர்ந்து நிற்கும். காற்றடித்தால் சரிவில் தீ மேல்நோக்கி விரைந்து ஏறும். மனிதரால் அவ்விரைவில் ஓட இயலாது. இவற்றை முன்னரே அறிந்து காக்கும் ஏற்பாடு, செல்லும் விருப்பத்திற்கு முன்னே அமைந்திருத்தல் வேண்டும். அவ்விபத்திற்குப் பின்னரே, 2018-இல் தமிழக அரசு மலையேற்றத்திற்கென விதிகளை வகுத்தது.

காட்டுத்தீயில் மாய்வன மனித உயிர்கள் மட்டுமல்ல. ஓரறிவுயிர் முதல் ஐயறிவுயிர் ஈறாக எண்ணிலா உயிர்கள் அதில் வெந்து மடியும். ஆதலாலன்றோ காட்டுக்குத் தீயிடுதலைச் சாவகர்க்கு ஆகாத தொழிலென நம் ஆன்றோர் விலக்கினர்! தீர்த்தங்கரரின் அன்னை இறுதியாகக் கண்டது புகையற்ற தீ. அது வினையாகிய விறகை மட்டுமே எரிப்பது, பிற உயிரைச் சுடாதது. நம் பிள்ளைகளின் உள்ளத்தில் மூட்ட வேண்டிய ஊக்கத்தீயும் அத்தகையதாதல் வேண்டும்.

இல்லறத்தார் கொள்ள வேண்டுவன

வந்தவாசி, திண்டிவனம், செஞ்சி வட்டத்து ஊர்களில் உழவராய் வாழ்ந்த நம் குடும்பங்கள் பல, கல்வியும் பணியும் கருதிச் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் குடிபெயர்ந்துள்ளன. கனவின்றி இது நிகழ்ந்திராது. ஆதலின் பிள்ளை ஒரு கனவைக் கூறும்போது, ‘நமக்கு எதற்கு இது?’ என்று அணைத்துவிடுதலும் தவறு. ஆராயாது ஊதிப் பெருக்குதலும் தவறு. நாபி மன்னரைப் போல் அமர்ந்து கேட்டுப் பொருள் காணுதலே பெற்றோர் கடன். அப்போது மூன்று வினாக்களை எழுப்பலாம்.

முதலாவது, நற்காட்சி பற்றியது: இக்கனவு எதற்காக? அயலார் மகனோடு போட்டியிடுதற்கோ, உண்மையான விருப்பத்தினாலோ? இரண்டாவது, நல்ஞானம் பற்றியது: இதற்கு வேண்டிய காலம், பொருள், பயிற்சி எவ்வளவு? நம் ஆற்றல் எவ்வளவு? வழியறிந்தவர் எவரைக் கேட்டோம்? மூன்றாவது, நல்லொழுக்கம் பற்றியது: இதனால் எவ்வுயிர்க்கேனும் துன்பமுண்டோ? இன்று செய்யத்தக்க சிறு பணி யாது?

இவ்வினாக்களுக்கு நிற்கும் கனவு பாவனையாக வளரும். நில்லாதது நிதானமென்று அறிந்து விலக்கத்தக்கது. மாலையில் ஜினாலயத்தில் திருவிளக்கின் முன் நிற்கும்போது, ‘எனக்கு இது தருக’ என வேண்டாமல், ‘உள்ளதை உள்ளவாறு காணும் தூய்மை என்பால் வளர்க’ என்று எண்ணும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு ஊட்டுவோமாக. தரிசன விசுத்தி தலைநின்றால், ஏனைய பதினைந்தும் பின்தொடரும்.

வாழ்க அருகனறம்! வளர்க நற்காட்சி!