புரைக்குப் பின்னே மறைந்திருக்கும் நோய்கள்

அறுபதைத் தாண்டியவருக்குக் கண் மங்கினால், "புரை வளர்கிறது, முற்றட்டும், பிறகு பார்த்துக் கொள்ளலாம்" என்று காலங்கடத்துவது நம் தோட்டங்களில் பெருவழக்கு. தோட்டத்தை விட்டுப் பிள்ளைகளோடு அம்பாங் போன்ற நகர்ப்புறங்களில் குடியேறிய பெரியவர்களும் இதையே சொல்லக் கேட்கிறோம். அறுவை செய்து கொண்ட ஒருவருக்குப் பார்வை முழுமையாகத் திரும்பாவிட்டாலோ, "ஆப்பரேஷன் கெட்டுவிட்டது" என்ற பேச்சு லயத்துக்கு லயம் பரவும். அதைக் கேட்ட நாலு பேர் மருத்துவமனைப் பக்கமே போகமாட்டார்கள். பல வேளைகளில் குற்றம் அறுவையில் இல்லை. புரைக்குப் பின்னால் வேறொரு நோய் ஒளிந்திருந்ததே காரணம்.

புரை என்பது சன்னல் கண்ணாடி மங்குவது போன்றது. மருத்துவர் மங்கிய வில்லையை நீக்கிச் செயற்கை வில்லையைப் பொருத்துகிறார். ஆனால் உள்ளே இருக்கும் விழித்திரையோ, பார்வை நரம்போ பழுதுபட்டிருந்தால் புதிய கண்ணாடி மட்டும் என்ன செய்யும்?

2014ஆம் ஆண்டில் நடந்த தேசியக் கண் ஆய்வின்படி, ஐம்பது வயதைக் கடந்த மலேசியரின் பார்வையிழப்புக்கு நூற்றுக்கு 58.6 பங்கு புரையே காரணம். நீரிழிவால் வரும் விழித்திரை நோய் 10.4 பங்கு, கண்ணழுத்த நோய் 6.6 பங்கு. புரையால் போன பார்வையை மீட்கலாம். மற்ற இரண்டால் போனது பெரும்பாலும் திரும்புவதில்லை. மிஞ்சியதைக் காக்கத்தான் முடியும்.

இனிப்புநீர் என்று நாம் வழங்கும் நீரிழிவு நம் இனத்தாரிடையே மிகுதி. 2019ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வில், வயது வந்த இந்தியர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு அது இருப்பது தெரிய வந்தது. அவர்கள் பார்வை நன்றாக இருக்கும்போதே ஆண்டுதோறும் விழித்திரையைச் சோதித்துக் கொள்ள வேண்டும்.

மருத்துவர் கிளவுகோமா என்னும் கண்ணழுத்த நோய் பெரும்பாலும் வலியின்றி வருவது. முதலில் பக்கப் பார்வை குறையும். ஆகவே நோயாளி அதை உணர்வதே இல்லை. கண் சிவந்தால் யாரையும் கேளாமல் கடையில் மருந்து வாங்கி ஊற்றுகிறவர்களுக்கு ஒரு சொல்: ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை நெடுநாள் ஊற்றினால் இந்நோயும் வரும், புரையும் வரும்.

மூன்றாவது, விழித்திரையின் நடுப்பகுதி மூப்பால் தேய்வது. இதை வீட்டிலேயே ஓரளவு கண்டுகொள்ளலாம். ஒரு கண்ணை மூடிக் கொண்டு மற்றதால் சன்னல் கம்பியையோ, நேராக நட்ட பால்மர நிரையையோ பார்க்க வேண்டும். பின்பு கண்ணை மாற்றிப் பார்க்க வேண்டும். நேர்கோடு வளைந்து தெரிந்தாலோ, நடுவில் கறை போல மறைத்தாலோ தாமதிக்கலாகாது. இரு கண்ணையும் திறந்து பார்த்தால் நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும்.

அறுவைக்குப் பின் சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ மீண்டும் மங்கினால், புரை திரும்பியதென்று அஞ்ச வேண்டாம். செயற்கை வில்லையைத் தாங்கும் மெல்லிய உறை மங்குவதும் உண்டு. லேசர் ஒளியால் அதைச் சில நிமிடங்களில் சரிசெய்வர்.

முதலில் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்துக்குச் சென்றால், தேவைப்படுவோரை அங்கிருந்து கண் மருத்துவரிடம் அனுப்புவர். அம்பாங் வட்டாரத்தினருக்கு அம்பாங் மருத்துவமனையிலேயே கண் பிரிவு உண்டு. உண்ணும் மாத்திரைகள் யாவற்றையும் எடுத்துச் செல்க. சிறுநீர்த் தடைக்கு உண்ணும் மாத்திரையைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அவற்றுள் சில அறுவையின்போது கண்மணியைத் தளரச் செய்யும். கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். சில மணி நேரம் பார்வை கலங்கி, வெயில் கூசும். ஆகவே துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்வதும், அன்று மோட்டார் சைக்கிள் ஓட்டாதிருப்பதும் நலம்.