12 கோழிக்கு 2 கிலோ குருணை

கேள்வி: வீட்டுக் கொட்டகையில் 12 கோழிகளை அடைத்து வளர்க்கிறேன். ஆறு வெள்ளை லெகார்ன், ஆறு நாட்டுக்கோழி. தினமும் 2 கிலோ குருணையும் கம்பும் கலந்து போடுகிறேன். ஆனாலும் மூன்று, நான்கு முட்டைக்கு மேல் கிடைப்பதில்லை. சில நாள் தோல்முட்டை வருகிறது. தீவனத்தைக் கூட்ட வேண்டுமா?
– வாசகி, ராசிபுரம்

பதில்: கூட்டாதீர்கள் அம்மா, இப்போதே அதிகம். முட்டையிடும் லெகார்ன் நாளைக்கு 100 முதல் 110 கிராம் தின்னும். நாட்டுக்கோழிக்கு 80 கிராம் என்று வைத்தாலும் உங்கள் 12 கோழிக்கும் சேர்த்து 1,150 கிராமைத் தாண்டாது. மீதியில் கொஞ்சம் சிதறி எலிக்குப் போகும். கொஞ்சம் கோழியின் அடிவயிற்றில் கொழுப்பாகச் சேரும். கொழுத்த கோழி முட்டையைக் குறைத்துவிடும்.

முட்டைக்கு வேண்டியது குருணையில் இல்லை. முட்டைக்கோழித் தீவனத்தில் (லேயர் தீவனம்) புரதம் 16 முதல் 18 சதவீதம் இருக்க வேண்டும். குருணையில் பாதிதான் தேறும். கம்பில் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். சுண்ணாம்புச்சத்து நிலைமை இன்னும் மோசம். ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. தின்பதில் ஏறக்குறைய பாதிதான் உடம்பில் ஒட்டும் என்பதால், கோழிக்குத் தினம் 4 கிராம் தேவை. தானியத்தில் அது இல்லை என்றே சொல்லலாம். அதனால் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்து ஓடு கட்டுகிறது. அதற்கும் வழியில்லாத நாளில்தான் உங்களுக்குத் தோல்முட்டை வருகிறது. இதைத் தள்ளிப்போடாதீர்கள், கோழி நொடிந்துவிடும்.

லெகார்ன் ஆறையும் லேயர் தீவனத்துக்கு மாற்றுங்கள். ஒரே நாளில் வேண்டாம்; ஒரு வாரம் பழையதோடு கலந்து கொடுங்கள். உடைத்த கிளிஞ்சலைத் தனித் தட்டில் சாயங்காலம் வையுங்கள், ஏனென்றால் ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது. மாவாக இடிக்காமல் கல்லுப்பு அளவில் இருக்கட்டும். இரைப்பையில் தங்கி மெல்லக் கரையும். குஞ்சுகள் இருந்தால் லேயர் தீவனம் பக்கம் விடாதீர்கள், அவ்வளவு கால்சியம் அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தண்ணீர், தின்னும் தீவனத்தைப் போல இரு மடங்கு. வெயில் காலத்தில் இன்னும் கூடுதல்.

நாட்டுக்கோழிக்குக் கணக்கே வேறு. லெகார்ன் வருடத்துக்கு 40 கிலோ தின்று 300 முட்டை வைத்தால், முட்டைக்குச் சுமார் 133 கிராம் தீவனம். நாட்டுக்கோழி 30 கிலோ தின்று 70 முட்டை வைத்தால், முட்டைக்கு 400 கிராமுக்கும் மேல். அடைத்துப் போட்டுத் தீனி வைத்தால் கட்டுப்படியாகாது. காலையில் திறந்துவிடுங்கள். கரையான், புழு, கீரை என்று புரதத்தை அதுவே தேடிக்கொள்ளும். அடையும் நேரத்தில் ஆளுக்கு அரைக் கைப்பிடி கம்பு போதும். கிளிஞ்சல் தட்டு அதற்கும் பொது.

ஒரு மாதம் கழித்தும் முட்டை கூடவில்லையென்றால், ஒவ்வொரு கோழியாகப் பிடித்து ஆசனவாய்க்கு இருபுறமும் உள்ள எலும்பு முனைகளைத் தொட்டுப் பாருங்கள். நடுவில் இரண்டு, மூன்று விரல் நுழைந்தால் முட்டையிடும் கோழி. ஒரு விரலே சிரமம் என்றால் இப்போது இடுவதில்லை. அது இறகு உதிர்க்கும் கோழியா என்று பார்த்துவிட்டுக் கழியுங்கள். இறகு முளைத்து முடிந்ததும், இரண்டு மூன்று மாதத்தில் அது மறுபடி முட்டைக்கு வந்துவிடும்.