போகிக் கூளமும் எருக்குழியும்

மார்கழிக் கடைசி நாளான போகியன்று விடியற்காலையில் பழம்பாய், கூரைக்கீற்று, வைக்கோற்கூளம் முதலியவற்றைக் குவித்துக் கொளுத்துவது வழக்கம். 2018-ஆம் வருஷத்துப் போகியன்று சென்னையில் புகைமூட்டத்தால் விமானங்களும் தடைப்பட்டன. குடியானவருக்கோ வேறொரு நஷ்டமும் உண்டு. கூளத்தை எரித்தால் அதிலுள்ள தழைச்சத்துப் பெரும்பாலும் புகையோடு போய்விடும்.

அக்கூளத்தை 3 அடி ஆழக் குழியில் அடுக்கடுக்காகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கின்மேலும் சாணிக் கரைசல் தெளித்து, மண்ணால் மூடி, ஈரம் காயாமற் காத்துவந்தால் ஆடிப் பட்டத்திற்கு நல்ல மக்கெரு கிடைக்கும். டயர், பிளாஸ்டிக் முதலியவற்றைக் குழியில் இடலாகாது, அவை மக்கா. தீயிலும் இடலாகாது, அப்புகை நஞ்சு. சம்பிரதாயத்துக்கு ஒரு பிடி வைக்கோலும் இரண்டு வறட்டியும் போதும். மீதியை நிலத்திற்கு ஈந்தால் அடுத்த பொங்கற் பானைக்கு அது அரிசியாகத் திரும்பும்.