தொப்பி இரண்டு, நோட்டு ஒன்று

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தாமதத்துக்கு மன்னிக்கவும். ஊர்க் கால்பந்துக் குழுவுக்கு வெள்ளிவிழா மலர் போடப் போகிறீர்கள். மலர்க்குழுவில் ஒருவர், “பெரிய கோப்பை ஒன்றுகூட வாங்காத டீமுக்கு என்ன சார் வரலாறு?” என்று கேட்டிருக்கிறார். பதில் சொல்லத் தெரியாமல் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அவரை உட்காரவைத்து ஷெஃபீல்டு கதையைச் சொல்லுங்கள்.

இங்கிலாந்தின் வடக்கே, கத்திக்கும் எஃகுக்கும் பேர்போன ஊர் ஷெஃபீல்டு. அங்கே 1857 அக்டோபர் 24 அன்று தொடங்கிய ஷெஃபீல்டு எஃப்.சி.தான் இன்றும் ஆடிக்கொண்டிருக்கும் கால்பந்து கிளப்புகளில் உலகிலேயே மூத்தது. (டி.வி.யில் வரும் ஷெஃபீல்டு யுனைடெட், ஷெஃபீல்டு வெட்னஸ்டே இரண்டும் வேறு. அவை அதே ஊரின் பணக்காரத் தம்பிகள்.) தொடங்கியவர்கள் இருவர். நத்தானியல் கிரெஸ்விக் ஒரு வக்கீல், வில்லியம் பிரெஸ்ட் ஒயின் வியாபாரி. இருவரும் கிரிக்கெட் ஆடுகிறவர்கள். குளிர்காலத்தில் கிரிக்கெட் கிடையாது, அதற்காக உடம்பு துருப்பிடிக்க விடலாமா? இதற்கு மேல் பெரிய லட்சியம் எதுவும் அவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. முதல் அலுவலகம், தெரிந்தவர் வீட்டுத் தோட்டத்தில் செடி வளர்க்கும் கண்ணாடிக் கொட்டகை. பக்கத்து வயல்தான் மைதானம்.

கிளப் ஆரம்பித்தாயிற்று. எதிர்த்து ஆட ஆள்? சுற்றுவட்டாரத்தில் இன்னொரு கிளப்பே இல்லை. ஆகவே தங்களுக்குள்ளேயே பிரிந்து ஆடினார்கள். கல்யாணமானவர்கள் ஒரு பக்கம், ஆகாதவர்கள் மறுபக்கம்.

அடுத்த ஆண்டு உட்கார்ந்து விதிகளை எழுதினார்கள். அப்போது பள்ளிக்கு ஒரு கால்பந்து, ஊருக்கு ஒரு கால்பந்து. லண்டனில் கால்பந்துச் சங்கம் பிறந்தது 1863இல்தான். அதற்கு ஐந்து ஆண்டு முன்பே இவர்கள் கையில் எழுதப்பட்ட சட்டம் இருந்தது. கையால் தள்ளலாம், ஆனால் காலை வாரிவிடவோ முழங்காலுக்குக் கீழே உதைக்கவோ எந்தச் சூழ்நிலையிலும் கூடாது. பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடக் கூடாது. ஆஃப்சைட் என்ற பேச்சே இல்லை. எனக்குப் பிடித்தது கடைசி விதி. ஒவ்வொரு ஆட்டக்காரரும் சிவப்பில் ஒன்று, கருநீலத்தில் ஒன்று என இரண்டு ஃபிளானல் தொப்பி தானே கொண்டுவர வேண்டும். ஒரு பக்கத்தார் ஒரு நிறத்தைப் போட்டுக்கொள்வார்கள். இரண்டு எதற்கு? மைதானத்துக்கு வந்து ஆள் பிரித்த பிறகுதான் யார் எந்தப் பக்கம் என்பது தெரியும். ஆட வேறு டீம் இல்லாத ஒரு கிளப்பின் நிலைமை முழுக்க அந்த இரண்டு தொப்பியில் இருக்கிறது. நம் பையன்கள் சட்டை போட்டவன், போடாதவன் என்று பிரிந்து ஆடுவதில்லையா, அதேதான்.

1860இல் அடுத்த கிராமத்தில் ஹாலம் என்றொரு கிளப் வந்தது. அவ்வளவுதான், தொப்பிக்கு வேலை போயிற்று, பகைக்கு வேலை வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 26, ஹாலத்தின் சாண்டிகேட் மைதானத்தில் முதல் ஆட்டம். ஷெஃபீல்டு 2–0 என்று ஜெயித்தது. இரண்டு கிளப்புகளுக்கு இடையே நடந்த கால்பந்து ஆட்டங்களில் இதைத்தான் முதலாவதாகச் சொல்கிறார்கள். சாண்டிகேட்டில் ஹாலம் இன்றும் ஆடுகிறது.

இரண்டு ஆண்டு கழித்து, 1862 டிசம்பரில், பிரமால் லேன் என்ற கிரிக்கெட் மைதானத்தில் மறுபடி மோதினார்கள். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். பருத்தி வராமல் லங்காஷயர் மில்கள் மூடிக் கிடந்தன. பட்டினி கிடந்த தொழிலாளர்களுக்கு நிதி திரட்டத்தான் ஆட்டம். நல்ல காரியம். ஆனால் நடுவில் கிரெஸ்விக்கும் ஹாலத்தின் வாட்டர்ஃபால் என்பவரும் கைகலந்துவிட்டார்கள். வாட்டர்ஃபால் வெயிஸ்ட்கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் பாய, கூட்டம் உள்ளே புகுந்தது. ஒருவழியாக விலக்கிவிட்டு, வாட்டர்ஃபாலுக்கு ஒரு தண்டனை கொடுத்தார்கள். போய் கோலில் நில்! தர்ம ஆட்டம் கோலே விழாமல் முடிந்தது. சண்டையில் யார் முதலில் கை ஓங்கியது என்பதில் இரு தரப்புக்கும் பத்திரிகையில் தகராறு. உங்கள் ஊரிலும் இப்படி ஒரு கதை இருக்கும், தேடுங்கள். மலரில் முதல் பக்கத்துக்கு அதுதான் லாயக்கு, வாழ்த்துச் செய்திகள் அல்ல.

இன்று நாம் சாதாரணமாகப் பார்க்கும் கார்னர் கிக் ஷெஃபீல்டு விதிகளிலிருந்து பொது விதிக்குப் போனது. 1866இல் லண்டன் போய் ஆடியபோது இவர்கள் பந்தைத் தலையால் முட்டியதைப் பார்த்து அங்கிருந்தவர்கள் சிரித்தார்களாம்.

அப்புறம் காசு வந்தது. 1885இல் சம்பள ஆட்டக்காரர்களுக்குச் சங்கம் அனுமதி கொடுத்தது. ஷெஃபீல்டு எஃப்.சி. மாட்டேன் என்றுவிட்டது. சம்பளம் வாங்கி ஆடுகிறவர்களிடம் தோற்றுத் தோற்றுப் பின்னால் போயிற்று. அமெச்சூர்களுக்குத் தனிக் கோப்பை வைத்தபோது 1904இல் ஈலிங் அணியை 3–1 என்று வென்று அதை ஒருமுறை வாங்கினார்கள். அவ்வளவுதான். பிறகு நூறு ஆண்டு கதையைச் சொன்னால் உங்களுக்குத் தூக்கம் வரும். ஊரில் ஒவ்வொரு மைதானமாக வாடகைக்கு மாறிக்கொண்டே இருந்தார்கள். சொந்த மைதானம் என்று ஒன்று கிடைத்தது 2001இல், அதுவும் ஷெஃபீல்டுக்கு வெளியே, பக்கத்து மாவட்டத்து டிரான்ஃபீல்டில், ஒரு மதுக்கடைக்குப் பக்கத்தில். 2004இல் ஃபிஃபா தன் நூற்றாண்டுக்காக இரண்டே கிளப்புகளுக்கு விருது கொடுத்தது. ஒன்று ரியல் மாட்ரிட், இன்னொன்று இவர்கள்.

விருதால் மைதானத்துக்குப் புல் வாங்க முடியாது. பணம் வேண்டும். இவர்களிடம் விற்கத்தக்க பொருள் ஒன்றுதான் இருந்தது, அந்தப் பழைய நோட்டுகள். கையால் எழுதிய விதிகள், கூட்டக் குறிப்புகள், 1859இல் அச்சிட்ட விதிப்புத்தகத்தின் மிஞ்சிய ஒரே பிரதி. 2011 ஜூலையில் லண்டன் சோத்பீஸ் ஏலத்தில் அவை 8,81,250 பவுண்டுக்குப் போயின. பாட்டியின் அட்டிகையை விற்று வீட்டுக்கு ஓடு மாற்றியது போல. தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூரை ஒழுகுகிறவனிடம் அட்டிகையின் அருமையைப் பேசக் கூடாது. ஆனால் வருத்தமாகத்தான் இருந்தது.

உங்கள் மலர்க்குழுக்காரர் கேட்ட கேள்விக்கு இப்போது வருகிறேன். 1904இல் வாங்கிய கோப்பைக்காக இந்தக் கிளப்பை யாரும் நினைவு வைத்திருக்கவில்லை. யாரோ ஒருவர் சோம்பலில்லாமல், தொப்பி எத்தனை, என்ன நிறம் என்பது வரை எழுதிவைத்தார். அதற்காகத்தான் உலகமே தேடிப்போகிறது.

உங்கள் பழைய செயலாளர் வீட்டுப் பரணில் மினிட்ஸ் நோட்டு இருக்கும். சந்தா பாக்கிக் கணக்கு, பந்து வாங்கிய ரசீது, பஸ் செலவு, ‘அடுத்த ஆட்டத்தில் இவர் கோலில் நிற்க வேண்டும்’ என்ற தீர்மானம் எல்லாம் அதில் இருக்கும். கறையான் முந்திக்கொள்வதற்குள் இந்த ஞாயிற்றுக்கிழமையே போய் வாங்கி, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்துவிட்டு மலர் வேலையைத் தொடங்குங்கள். நோட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், இரும்புப் பெட்டியில் வையுங்கள். மலர் வந்ததும் எனக்கு ஒரு பிரதி வேண்டும். காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்