லிங்க் அனுப்புவதும் ஒரு சாட்சியமே

காதில் விழுந்ததை உடனே பிறருக்குச் சொல்லிவிடுவது மனித சுபாவம். ஆனால், கேட்டதையெல்லாம் விசாரியாமல் பரப்புவதே ஒருவரைப் பொய்யராக்கப் போதுமானது என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் தமது ஸஹீஹின் முன்னுரையிலேயே இக்கருத்தைப் பதிந்திருப்பது கவனிக்கத் தக்கது. இந்த எச்சரிக்கை நாவுக்கு மட்டுமன்று, கைப்பேசியைத் தொடும் விரலுக்கும் உரியதாகும். ஆகவே, அன்றாடம் நாம் வாட்ஸ்அப்பில் அனுப்பும் லிங்க்குகளைப் பற்றி, குறிப்பாகச் சுருக்க லிங்க்குகளைப் பற்றி, இங்கே பார்ப்போம்.

சுருக்க லிங்க் என்றால் என்ன?

ஒவ்வோர் இணையப் பக்கத்திற்கும் ஒரு முகவரி உண்டு. சில முகவரிகள் மூன்று நான்கு வரி நீளும். அவற்றைச் சுருக்கித் தரும் ‘டைனி யூ.ஆர்.எல்.’ சேவை 2002-இல் தொடங்கியது. செய்தியை 140 எழுத்துக்குள் அடக்க வேண்டியிருந்த ட்விட்டர் வந்தபின் இதன் தேவை பெருகிற்று; 2008-இல் ‘பிட்லி’ வந்தது. இவை நீண்ட முகவரியைத் தம் பதிவேட்டில் குறித்துக்கொண்டு, அதற்கு ஒரு சிறு அடையாளம் கொடுக்கின்றன. அதைத் தொடுபவரைப் பதிவேட்டில் உள்ள பக்கத்திற்குத் திருப்பிவிடுகின்றன. நோட்டீஸில் அச்சிடவும் எளிதாக அனுப்பவும் இது உதவுகிறது. எனவே இதில் இயல்பாகத் தீமை ஒன்றுமில்லை.

தீமை எங்கே நுழைகிறது?

சிங்கப்பெருமாள் கோயிலில் ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் சாலை பிரிகிறது. பலகையில் ஊர்ப்பெயர் இருப்பதைப் பார்த்தே ஒரகடம் போகிறவர் திரும்புகிறார். அந்தப் பெயர்களைத் துணியால் மூடிவிட்டு, “நம்பித் திரும்புங்கள்” என்றால் யாரேனும் திரும்புவாரா? சுருக்க லிங்க் அவ்வாறு பெயர் மூடிய பலகையாகும். போய்ச் சேரும் இடம் கண்ணுக்குத் தெரியாது.

ஒரகடம் தொழிற்சாலையில் வேலை என்று ஒரு லிங்க் வருவதாக வைத்துக்கொள்வோம். வேலை தேடும் பிள்ளை அதைத் திறந்து, ‘பதிவுக் கட்டணம்’ செலுத்திவிடுகிறான். ரமளானில் ஏழைகளுக்கு ஜகாத் திரட்டுவதாக ஒரு லிங்க் வருகிறது. தாய்மார்கள் சேமித்த பணம் முகம் தெரியாத மோசக்காரனிடம் போகிறது. இரண்டிலும் ஏமாந்தவர் சொல்லும் காரணம் ஒன்றே: “மாமா அனுப்பினார், அதனால் நம்பினேன்.”

ஹதீஸ் கலை தரும் படிப்பினை

முஹத்திஸீன்கள் ஒரு செய்தியை ஏற்குமுன், “இதை யாரிடம் கேட்டீர்? அவர் யாரிடம் கேட்டார்?” என்று வினவினார்கள். தொடரில் ஒருவர் விடுபட்டிருந்தால் அதை ‘முன்கதிஃ’ என்றார்கள். இன்னாரென அறியப்படாதவரை ‘மஜ்ஹூல்’ என்றார்கள். பலர் கை மாறி வரும் சுருக்க லிங்க்கில் இவ்விரு குறையும் உண்டு. முதலில் அனுப்பியவரும் தெரியாது, சேரும் இடமும் தெரியாது. மாமா நல்லவர்தாம், அவருக்கு அனுப்பியவர் யார்? செய்தி வந்தால் தீர விசாரிக்குமாறு ஏவும் அல்-ஹுஜுராத் அத்தியாயத்தின் 6-ஆவது வசனம், விசாரியாமையால் பிறருக்குத் தீங்கிழைத்து வருந்த நேரும் என்பதையும் உணர்த்துகிறது.

அந்த வருத்தத்தைத் தமிழகம் கண்டிருக்கிறது. பிள்ளை பிடிப்போர் நடமாடுவதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியிருந்த 2018 மே மாதத்தில், போளூர் அருகே காரில் வந்த ஒரு குடும்பத்தார் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தனர். ஊரார் சந்தேகித்துத் தாக்கியதில் மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். நாட்டின் பல பகுதிகளிலும் இத்தகைய கொலைகள் நிகழ்ந்தபின், அவ்வாண்டு ஜூலையில், ஒரு செய்தியை ஐந்து சாட்டுகளுக்கு மேல் ஒரே தடவையில் முன்னனுப்ப இயலாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் வரம்பு விதித்தது.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. பிட்லி முகவரியின் இறுதியில் கூட்டல் குறி (+) சேர்த்துத் திறந்தால், அது எங்கே போகிறது என்பதை முன்னதாகவே காணலாம்.

2. ஹஜ் விண்ணப்பம், அரசு உதவித்தொகை போன்றவற்றிற்கு வந்த லிங்க்கைத் தொடாமல், அரசுத் தளத்தின் முகவரியை நாமே தட்டச்சு செய்து செல்ல வேண்டும்.

3. லிங்க் வழியே ‘ஏ.பி.கே.’ கோப்பு வந்தால், கல்யாணப் பத்திரிகை என்று சொன்னாலும் நிறுவக்கூடாது.

4. பணம் பெறுவதற்கு யூ.பி.ஐ. ரகசிய எண் தேவையில்லை. கேட்டால் அது மோசடியே.

5. நாம் அனுப்பும்போது முழு முகவரியையும், அது எதைப் பற்றியது, யாரிடமிருந்து கிடைத்தது என்பதையும் ஒரு வரியில் எழுத வேண்டும். பள்ளிவாசல் அறிவிப்புகளுக்கும் இதுவே நல்லது. சுருக்கச் சேவை நின்றால் லிங்க்கும் செத்துவிடும்; கூகுளே தன் சேவையில் புதிய சுருக்கங்களை 2019 மார்ச்சில் நிறுத்திவிட்டது.

6. அனுப்பியது தவறெனத் தெரிந்தால் அழித்தால் மட்டும் போதாது. பெற்ற ஒவ்வொருவருக்கும் அதைத் தெரிவிப்பது கடமை. பணம் போயிருந்தால் தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

ஒரு லிங்க்கை அனுப்புவது, “இதை நான் அறிவேன், நம்பலாம்” என்று சாட்சி சொல்வதற்கு ஒப்பாகும். அறியாத ஒன்றுக்குச் சாட்சி நிற்பதினும், அனுப்பாமல் இருந்துவிடுவது மேலானது. நாவையும் விரலையும் பேணி நடக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக! ஆமீன்.