புள்ளி இல்லாத 'ஐ'

கேள்வி: துருக்கிச் சொற்களில் லத்தீன் 'ஐ' (i) எழுத்துக்கு மேல் சில இடங்களில் புள்ளியே இல்லையே, அச்சுப்பிழையா?

பதில்: பிழையே இல்லை, அது தனி எழுத்து. 1928இல் துருக்கி அரபு எழுத்தை விட்டு லத்தீனுக்கு மாறியபோது, 'இ' ஒலிக்குப் புள்ளி வைத்ததையும் வேறோர் உயிருக்குப் புள்ளியில்லாததையும் வைத்துக்கொண்டார்கள். பெரிய எழுத்திலும் அப்படியே: இஸ்தான்புல்லின் முதலெழுத்துக்குப் புள்ளி உண்டு, இஸ்பார்ட்டா நகருக்குக் கிடையாது. அஜர்பைஜான் மொழியிலும் இந்த எழுத்து உண்டு.

அந்தப் புள்ளியில்லாத எழுத்தின் ஒலி நமக்கு அந்நியமல்ல. 'பாட்டு' என்று சொல்லிப் பாருங்கள். கடைசியில் உதடு குவியாமல் வருகிறதே குற்றியலுகரம், ஏறக்குறைய அதுதான்! தொல்காப்பியம் குற்றியலுகரத்துக்குப் புள்ளி வைக்கச் சொன்னது; துருக்கியர் புள்ளியை எடுத்தார்கள். எனக்கு இது தீராத வியப்பு.

அங்கே புள்ளி பொருளையே மாற்றும். 'இலிக்' என்ற சொல்லில் இரண்டு புள்ளியும் இருந்தால் எலும்பு மஜ்ஜை. இரண்டையும் எடுத்தால் 'வெதுவெதுப்பான'. ஆங்கிலத்தை மட்டும் நினைத்து எழுதிய மென்பொருளோ, பெரிய எழுத்தைச் சிறியதாக்கும்போது தானாகவே புள்ளி வைத்துவிடும். ஒருவருடைய பெயரை அப்படிச் சிதைப்பது சின்ன விஷயமல்ல.